மோதினார் கண்ட பிறை

கீற்று மாதிரி ஒன்று, வெட்டி எறிந்த நகத்துண்டு அளவுதான், மேற்கே பனைகளின் தலைக்கு மேலே, உப்பளத்தையும் தாண்டி, மேகம் கொஞ்சம் விலகிய இடத்தில், இருந்ததா, இல்லை என் இமைமுடி ஒன்றுதான் குறுக்கே விழுந்து கிடந்ததா, நாற்பத்தியொரு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மஞ்சப்பட்டினத்துப் பெரிய பள்ளிவாசல் மினாராவில், அறுபத்துமூன்று படி ஏறி, கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கீழே நோன்புக் கஞ்சியின் வாசனை, பிறை தெரிந்ததும் நகரா முரசை அடிக்கக் கம்பை ஓங்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், தெருவெல்லாம் அண்ணாந்த முகங்கள், அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் நான் மோதினார், ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்குக் கூப்பிடுகிறவன், என் குரலுக்கும் என் கண்ணுக்கும் இந்தக் கடற்கரையில் நிகர் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையைச் சொல்வதென்றால் அன்றைக்கு வானத்தில் ஒன்றுமே இல்லை. மேகம் மட்டும்தான். அந்தக் கீற்றெல்லாம் பிற்பாடு முளைத்தது, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கியது, ஒரு பொய்யை இத்தனை காலம் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் அது நினைவாகிவிடுகிறது. அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்தவர் ஜக்கரியா ஆலிம்சா, என் தங்கை ருக்கையாவின் மாப்பிள்ளை, மூன்று தடவை எம்.எல்.ஏ., சமுதாயத்தின் தளபதி என்று சுவரெல்லாம் எழுதப்பட்டவர். அவரை நேற்று சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டு வந்தோம்.

அவர் என்று சொல்கிறேன், மதரசாவில் ஓதும்போது அவன்தான், ஒரே சகனில், பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, சாப்பிட்டோம், அவன் பக்கத்துச் சோற்றில் கறித்துண்டு தட்டுப்பட்டால் விரலால் என் பக்கம் தள்ளிவிடுவான், அதை மறக்க முடியாததுதான் என் கஷ்டம், முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவான், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஏறி நின்று பயான், மார்க்கப் பிரசங்கம், பேசிப் பழகுவான், கேட்பதற்கு நானும் நாலைந்து நண்டுகளும், எப்படிடா இருந்துச்சு என்பான், நல்லாத்தான் இருக்கு, கடைசியில குரல் உடையுது என்பேன், அடுத்த தடவை உடையாம பாத்துக்கிறேன் என்பான், வேணாம், உடையட்டும், அங்கதான் சனம் அழுவும் என்று சொல்லிக்கொடுத்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கே மூச்சை இழுப்பது, எங்கே நிறுத்தினால் கூட்டம் ஆமீன் சொல்லும், எல்லாம் என் பாங்கைக் கேட்டுக் கேட்டு அவன் படித்தது. பட்டம் வாங்கி வந்தான், பெரிய பள்ளிக்கு இமாம் ஆனான், என் தங்கையைக் கட்டினான், நான் மோதினார் ஆனேன், உள்ளே மிம்பர் மேடையில் அவர், வெளியே மினாராவில் நான், நீ என்பது நீங்க ஆனது எந்த நாளில் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை, அடக்கம் செய்கிற மையவாடி நிலத்தை உப்பளக்காரர்கள் வேலிபோட்டு வளைத்தபோது புல்டோசருக்குக் குறுக்கே போய்ப் படுத்தாரே, பதினாலு நாள் சிறையில் இருந்துவிட்டு மாலையோடு வந்து இறங்கினாரே, அந்த நாளாக இருக்க வேண்டும், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், வாயில் தானாக வந்தது, நல்லா இருக்கியளா மச்சான்.

அதற்கு மறுவருஷம், இருபத்தொன்பதாம் நோன்பு, அந்தியில் பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள், இல்லையென்றால் இன்னும் ஒரு நோன்பு. மறுநாள் காலை பெருநாள் திடலுக்கு மந்திரி வருகிறார், பட்டணத்திலிருந்து கட்சித் தலைவர் வருகிறார், தொழுகை முடிந்ததும் வேட்பாளர் ஜக்கரியா ஆலிம்சா என்று திடலிலேயே அறிவிப்பதாகப் பேச்சு, பந்தல் போட்டாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று, மந்திரிக்கு அந்த ஒரு நாள்தான் தோது, வானத்தைக் கேட்காமல் காலண்டரைக் கேட்டு நாள் குறித்துவிட்டார்கள். அவர் மேலே ஏறி வருகிறார், படியேறிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, மூச்சு வாங்குகிறது, வெள்ளை ஜிப்பாவில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, தெரியுதா மச்சான், இல்லியே, மேகமாக் கெடக்கு, நல்லாப் பாரு, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், மேகத்துக்குப் பின்னாடி இருக்கும்ல. பிறை மறைந்துபோனால் முப்பதைப் பூர்த்தி பண்ணு என்பது மதரசாவில் முதல் வருஷப் பாடம், அது எனக்கும் தெரியும், எனக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதா, அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், கடற்கரையில் எப்படிடா இருந்துச்சு என்று கேட்ட அதே முகம், இருக்கும், என்றேன். அவ்வளவுதான். இருக்கும். நம் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது, மழை வருமா, வரும், வீட்டில் ஆள் இருக்குமா, இருக்கும், யார் மனதும் நோகாமல் தப்பித்துக்கொள்ள அதைவிட வசதியான சொல் கிடையாது. அவர் என் தோளைத் தட்டினார், இருக்குல்ல, அப்ப கண்டதா வச்சுக்க, என்று சொல்லிவிட்டு இறங்கினார், நான் ஒவ்வொரு படியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன், கீழே வந்து சேர்வதற்குள் மோதினார் பாத்துட்டாராம் என்ற பேச்சு தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும், இரண்டாவது ஆளாக மீரான்கனியைப் பிடித்து வந்தார்கள், படகுக்காரர், பட்டப்பகலில் கலங்கரை விளக்கத்தைக் காட்டினாலும் எந்தப் பக்கம் என்பார், ஆலிம்சா சொன்னால் கடலில் ரயில் ஓடுவதைக்கூடப் பார்த்திருப்பார். கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஊர் முழுக்கச் சுற்றி நிற்க, அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்லுங்க என்றார் ஆலிம்சா, என் கண்ணால் பிறையைக் கண்டேன் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நல்ல குரல் அது. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும், மோதினார் கண்ட பிறை என்று ஊர் பேசும், தங்கை எம்.எல்.ஏ. பொண்டாட்டி ஆவாள், மந்திரி என்னைப் பார்த்து ஸலாம் சொல்வார், இதெல்லாம் என் நெஞ்சிலும் ஓடியது. நகரா அதிர்ந்தது, பிள்ளைகள் கூவினார்கள், விடிந்தது, திடலில் தொழுதோம், மந்திரி வந்தார், பேரை அறிவித்தார்கள், பிரியாணி போட்டார்கள், பக்கத்து ஊர்களில் எல்லாம் அன்றைக்கு முப்பதாம் நோன்பு, எங்கும் பிறை தெரியவில்லை என்று ரேடியோவில் சொன்னார்களாம், இருந்தாலும் எங்கள் ஊர் மோதினாரின் கண்ணை எங்கள் ஊர் நம்பியது. அன்று மாலை புதுச்சட்டையும் அத்தருமாக எல்லோரும் தெருவில் நிற்கும்போது வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது, அதில் நூலிழையாக வந்து நின்றது பிறை, இரண்டாம் நாள் பிறை என்றால் தடித்து, உயரத்தில், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், இது எட்டிப் பார்த்துவிட்டு இறங்கப் பார்த்தது, கடல் மேல் இருந்து வந்த கிழவர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார், என்னப்பா இது, தலப்பிறைல்ல, இன்னைக்குத்தானே பொறந்திருக்கு. தெரு அப்படியே அடங்கியது. நோன்பு நாளில் ஊரோடு உட்கார்ந்து கறியும் சோறும் தின்றிருக்கிறோம். பெண்கள் வீட்டுக்குள் ஓடி வாயில் விரலைவிட்டு வாந்தி எடுத்தார்கள், என்ன பிரயோசனம், விடிந்ததிலிருந்து தின்றது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது, முந்தின நாள் மினாராவில் நின்றபோது பார்த்த அதே முகங்கள்.

வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறினார். நான் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன், சொல்லிவிடுவார், மோதினார் இருக்கும்னுதான் சொன்னாரு, நான்தான் கண்டேன்னு சொல்லவச்சேன், அந்த ஒரு வாக்கியம் போதும், தப்பை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒரே சகனில் தின்றவர்கள்தானே. அவர் சொன்னார், ரெண்டு பேரு வந்து சத்தியம் பண்ணுனா ஏத்துக்கிறதுதான் ஷரீஅத்து, என் கை கட்டியிருக்கு, பொய்ச்சாட்சி சொன்னவுக அல்லாவுக்குப் பதில் சொல்லிக்கிடட்டும், என் ஊரு சனத்தோட ஒரு நோன்பு போயிடுச்சே. அந்தப் போயிடுச்சேயில் குரல் உடைந்தது, நான் காட்டிக்கொடுத்த இடத்தில், மிகச் சரியாக. சனம் அழுதது. நானும் அழுதேன், அதுதான் வெட்கக்கேடு. தொழுகை முடிந்ததும் ஜமாஅத்துக்காரர்கள் மினாராவின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், பொய்ச்சாட்சி சொன்னவன் பாங்கு சொல்லலாகாது. அன்று அந்தியில் மக்ரிபு தொழுகைக்கு வேறு ஆள் பாங்கு சொன்னான், ஹய்ய அலஸ் ஸலாவை இழுக்க வேண்டிய இடத்தில் முழுங்கினான், இன்றுவரைக்கும் வந்த அத்தனை பேரும் அந்த இடத்தில் முழுங்குகிறார்கள், அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போன கருவாட்டு மண்டியில் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து என் உதடு மட்டும் சரியாக இழுத்து முடிக்கும். மீரான்கனி அடுத்த ஐப்பசியில் கடலோடு போனார். அந்தப் பொய்க்கு மிச்சமிருந்த ஆள் நான் ஒருவன்தான், என் பெயர் ஊருக்கு மறந்தே போனது, பொய்ப்பிறை என்றால் குழந்தைக்குக்கூட வீடு தெரியும்.

அந்த வாரமே கொல்லைப்பக்கமாக வந்தார், கையைப் பிடித்துக்கொண்டார், ஒரு வருசம் பொறு மச்சான், எலக்சன் முடியட்டும், நானே மிம்பர்ல ஏறிச் சொல்றேன். பொறுத்தேன். ஜெயித்தார், இப்பத்தானே ஜெயிச்சிருக்கேன் என்றார். அடுத்து வக்பு வாரியத் தலைவர் பதவி, அது கைக்கு வரட்டும் என்றார், அடுத்து மறுபடி எலக்சன். பெண்பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளி கொண்டுவந்தார், என் மகள் அதில்தான் படித்தாள், கலவரத்தில் பிடித்துக்கொண்டு போன பத்தொன்பது பையன்களை ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே எடுத்தார், சட்டசபையில் அவர் பேசியதைப் பேப்பரில் படித்துவிட்டு மண்டியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்திருக்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது, அந்தப் பெருமையைத் தூக்கிப் போட முடியாமல்தான் வயிறு எரிந்தது. அவர் மகளுக்கு நிக்காஹ், நான் பெண்ணுக்குத் தாய்மாமன், பந்தலில் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், சாட்சிக்கு மாமன் இருக்காருல்ல என்று யாரோ சொல்ல, பேனாவைக்கூட என் கையில் கொடுத்துவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவர் மெதுவாகக் கேட்டார், இவரு சாட்சி செல்லுமா ஆலிம்சா. அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தல்காலில் கட்டியிருந்த சீரியல் பல்பைப் பார்த்தார். பேனாவை வாங்கி வேறொருவரிடம் கொடுங்கள் என்று கண்ணால்கூடச் சொல்லவில்லை, நானே கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரே கனவு, மினாராவில் ஏறுகிறேன், அறுபத்துமூன்று படி முடிந்தும் படி முடியவில்லை, கீழே இருந்து தெரியுதா மச்சான் என்று கேட்கிறார், இன்னும் மேலே வரவில்லை என்கிறேன், பரவாயில்லை, கண்டேன்னு சொல்லு என்கிறார், வாயைத் திறந்தால் பாங்கு வருகிறது, பாங்கைக் கேட்டு ஊரே சிரிக்கிறது.

போன மாசம் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் அனுப்பினார். மூக்கில் குழாய், தாடி உதிர்ந்து தாடை தெரிகிறது, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, பொருந்திக்கிடு மச்சான், என்றார். சாகப்போகிறவர் கேட்டால் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்று சொல்வதில்லை, பொருந்திக்கிட்டேன் என்றால் மன்னித்துவிட்டேன், உன் மேல் எனக்கு ஒன்றுமில்லை, அல்லாஹ்விடம் உன்னைப் பற்றி முறையிட மாட்டேன் என்று அர்த்தம். நான் சொன்னேன், நாலு பேருக்கு முன்னாடி சொல்லுங்க மச்சான், ஜமாஅத்துல நாலே நாலு பேரு, இப்பவே கூட்டிட்டு வாரேன். அவர் கண் வாசல் பக்கம் போனது, அங்கே அவர் மகன் இதாயத்துல்லா போனில் பேசிக்கொண்டு நின்றான். புள்ள நிக்கிறான் இந்தத் தடவை, என்றார், எலக்சனுக்கு மூணு மாசம்தான் இருக்கு. நான் கையை விடுவித்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது, செத்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு முன்னால் சிரித்தேன், அதற்காக அல்லாஹ் என்னைப் பொருந்திக்கொள்ளட்டும்.

நேற்று ஜனாஸா, அடக்கத் தொழுகை. திடல் கொள்ளவில்லை, எல்லாக் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள், இதாயத்துல்லா மைக்கைப் பிடித்துக் கேட்டான், எங்க வாப்பா அறிஞ்சோ அறியாமலோ யாருக்காவது தப்பு செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொருந்திக்கிடுங்க, பொருந்திக்கிட்டோம் என்று பத்தாயிரம் வாய் சொன்னது, இவுக எப்படிப்பட்டவுகன்னு சாட்சி சொல்லுங்க என்றார் இமாம், நல்ல மனுசரு என்று பத்தாயிரம் வாய் சொன்னது. என் வாய் மட்டும் மூடியிருந்தது. என் சாட்சிதான் செல்லாதே. மண்ணைத் தள்ளிவிட்டு மையவாடி வாசலுக்கு வரும்போது சூரியன் இறங்கிவிட்டது, ஷஃபான் இருபத்தொன்பது, பிறை தெரிந்தால் விடிந்தால் நோன்பு, பழக்கதோஷம், மேற்கே பார்த்தேன், மொட்டைப் பனைக்கு இடப்பக்கம், நகத்துண்டு மாதிரி, இமைமுடி இல்லை, மேகம் இல்லை, போன வருஷம்தான் கண்ணில் புரை எடுத்தேன், கம்பியால் கீறியது போல் தெளிவாக நின்றது. பிறை, என்றேன். என் குரல்தான், நாற்பத்தியொரு வருஷம் கழித்து அந்தக் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அதோ, மொட்டைப் பனைக்கு எடப்பக்கம். அவர்கள் கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள் புழுதிமூட்டத்தில் அது இறங்கிவிட்டது. மறுபடியுமா மோதினாரே, என்று ஒருவர் சொல்ல, மையவாடி என்றும் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்தார்கள். புது இமாம் சின்ன வயசுக்காரர், கிதாபு தெரிந்தவர், நோன்புப் பிறைக்கு ஒரு சாட்சி போதும்தான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், அவர் சொல்லிவிட்டு இதாயத்துல்லாவைப் பார்த்தார். இதாயத்துல்லா என் தோளில் கைபோட்டுத் தனியாக நகர்த்தினான். நாளைக்கு மத்தியானம் தலைவருக எல்லாம் துக்கம் கேக்க வர்றாக மாமா, ஊருக்கே சாப்பாடு சொல்லியிருக்கு, எட்டு ஆடு. நான் கண்டேன் தம்பி, என்றேன். இருக்கும் மாமா, என்றான், நீங்க சொன்னா இருக்கும், ஆனா வேற எங்கயும் தெரியலையாம். தோளைத் தட்டினான். அதே இடத்தில்.

சாட்சி செல்லாதவனுக்கும் தான் கண்ட பிறை கடமைதான், ஊர் நம்பாவிட்டால் அவன் மட்டும் நோன்பு வைக்க வேண்டும், அதுவும் கிதாபில் இருக்கிறது. வைத்தேன். இன்று மத்தியானம் மரண வீட்டில் பந்தி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது, கறி வாசனை தெருமுனை வரைக்கும், அன்றைக்கு நான் ஊரை நோன்பில் தின்ன வைத்தேன், இன்றைக்கு ஊர் தின்கிறது, நான் நோன்பு, யார் கணக்கு இது என்று தெரியவில்லை. அண்ணன் என்றால் எங்களுக்குக் காக்கா, காக்கா சாப்பிடலையாமே என்று உள்ளே சேதி போயிருக்கிறது, ருக்கையா கூப்பிட்டு அனுப்பினாள், வெள்ளைத் துணியில், புருஷனை இழந்தவள் வீட்டுக்குள் அனுசரிக்கிற இத்தா இருக்கிறாள், பக்கத்தில் சகனில் சோறு ஈ மொய்க்கக் கிடக்கிறது. நோன்பா காக்கா. ஆமாம்மா. நானும்தான், என்றாள். நாற்பத்தியொரு வருஷத்தில் என் பிறையை நம்பிய முதல் ஆள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அன்னைக்கு மிம்பர்ல இருந்து வந்து அழுதாக காக்கா, மச்சான் இருக்கும்னுதான் சொன்னான், நான்தான் கண்டேன்னு ஆக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதாக. உனக்குத் தெரியுமா. தெரியும். எப்ப இருந்து. அப்ப இருந்தே. ஒரு வார்த்தை நீ யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா. என் புருசன் காக்கா அவுக, என்றாள். அப்புறம் என் முழங்காலைத் தொட்டாள், இப்பவாவது பொருந்திக்கிடுங்க, கபுருல கெடக்குறாக. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், கறித்துண்டை என் பக்கம் தள்ளிய விரல் தெரிந்தது, அதற்குப் பின்னால் பந்தல்காலில் சீரியல் பல்பு தெரிந்தது. முடியலம்மா, என்றேன். அவள் அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது மக்ரிபு. பள்ளிவாசல் வாசலில் நிற்கிறேன், கையில் ஒரு பேரீச்சம்பழம், பாங்கு சொல்கிறவன் முழுங்குகிற இடத்துக்குக் காத்திருக்காமல் வாயில் போட்டுக்கொண்டேன், ஊரில் இன்றைக்கு நோன்பு திறந்தவர்கள் நானும் அவளும்தான். ஷஃபான் முப்பது பூர்த்தியாகிவிட்டது, பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாளைக்கு நோன்பு, இருந்தாலும் தெருவெல்லாம் அண்ணாந்த முகங்கள், மேற்கே பனைகளின் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், அரிவாள் அளவுக்குத் தடித்து, மறைக்க ஒரு மேகத்துணுக்கு இல்லாமல் நிற்கிறது பிறை, இமைமுடி என்று குருடன்கூடச் சொல்ல மாட்டான், நேற்றே பிறந்தேன் நேற்றே பிறந்தேன் என்று நின்றுகொண்டேயிருக்கிறது, இறங்குகிற உத்தேசமே இல்லை. இதாயத்துல்லா இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்கிறான், ரப்பே எங்க வாப்பாவை என்னும்போது குரல் உடைகிறது, இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, சனம் ஆமீன் ஆமீன் என்கிறது, அன்றைக்கு ஒரு மெல்லிய பிறை என்னைப் பொய்யனாக்கியபோது அடங்கிப்போன தெரு, இன்றைக்கு இவ்வளவு பெரிய பிறை வந்து எனக்காகச் சாட்சி சொல்லும்போது ஆமீன் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒருவர்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நேற்று மையவாடியில் மறுபடியுமா என்று சிரித்தவர் பக்கத்தில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டே, என்ன மோதினாரே, பெருசால்ல நிக்குது, நேத்தே இருந்திருக்கும் போல, என்றார். இருந்திருக்கும் இல்லை, இருந்துச்சு, நான் கண்டேன், என்றேன். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொழுகைக்கு உள்ளே போய்விட்டார்.